ரோடு வந்துச்சு, போற வழி?

போன மாசம் கீரை அறுத்துக் கட்டு போட்டுட்டு இருந்தப்போ பக்கத்து கொல்லை ஆயா ஒரு வார்த்தை சொல்லிச்சு. அது இன்னும் மனசை விட்டுப் போகல.

"அந்தக் காலத்துல நமக்கு ரோடே இல்ல நைனா. ஆனா கூடையத் தலையில வச்சா விடியறதுக்குள்ள மெட்ராஸ் போய்ச் சேந்துடுவோம். இப்ப இம்மாம் பெரிய ரோடு போட்டிருக்காங்க. அதுல நான் எங்க ஏறி எங்க போறது?"

எங்க ஊர் நெமிலிச்சேரிக்கும் திருமழிசைக்கும் இடையில இருக்கு. கிழக்கே பார்த்தா அவுட்டர் ரிங் ரோடு. மேற்கே திருவள்ளூர் பக்கம் அதைவிட நீளமா இன்னொரு வட்டச் சாலை போட்டுட்டு இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல நாங்க கீரை, கத்தரி, வெண்டை போட்டுப் பிழைக்கிறோம். ஆயா கேட்டதுக்கு அப்போ என்கிட்ட பதில் இல்ல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன், சிலதைப் படிச்சும் பார்த்தேன். சென்னை எப்படி வளந்துச்சுன்ற கதையிலதான் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்குன்னு தோணுது. அதைத்தான் இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல தண்ணி வழியில இருந்து ஆரம்பிக்கணும். இன்னிக்கு சாக்கடையா நாறுற பக்கிங்காம் கால்வாய் ஒரு காலத்துல சென்னையோட சரக்குப் பாதை. 1806ல் கொக்ரேன்ற வெள்ளைக்காரர் எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார். அது கொஞ்சம் கொஞ்சமா வடக்கே ஆந்திரா பக்கமும் தெற்கே மரக்காணம் பக்கமும் நீண்டது. நடுவுல கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையில சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் இணையாம இருந்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தப்போ, 1877-78ல், பஞ்சத்துல அடிபட்ட ஜனங்களுக்குக் கூலி வேலையா அந்தத் துண்டை வெட்ட வச்சாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேர் அதுக்கு வந்தது. விறகு, உப்புன்னு எல்லாம் படகுலயே ஊருக்குள்ள வந்துச்சு. பசியில இருந்தவங்க வெட்டின கால்வாய் அது. இதை நினைவு வச்சுக்கோங்க, பின்னாடி மறுபடியும் வருவேன்.

அடுத்தது ரயில். தென்னிந்தியாவோட முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்னிக்கு ராயபுரத்துல திறந்தது. வாலாஜா ரோடு வரைக்கும் போன அந்தப் பாதை ஆவடி, திருவள்ளூர் வழியா, அதாவது எங்க பக்கமாத்தான் போகுது. எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலயே எங்க ஊர்க்காரங்க நடந்து போற தூரத்துல தண்டவாளம் இருந்திருக்கு. ஆயா சொன்ன "விடியறதுக்குள்ள மெட்ராஸ்" இந்த ரயிலைத்தான். மூணு மணிக்கு எழுந்து ஸ்டேஷனுக்கு நடை. அப்புறம் ரயில். பேசின் பிரிட்ஜ்ல இறங்கி கொத்தவால் சாவடிக்கு மறுபடி நடை. எங்க அப்பாவும் சின்ன வயசுல கத்தரிக்காய்க் கூடையோட அப்படிப் போனவர்தான்.

ஊருக்குள்ள சுத்த டிராம் இருந்தது. 1895ல் மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் சென்னையிலதான். முதல்ல கம்பி மேல இல்ல. தண்டவாளத்துக்கு நடுவுல பள்ளம் எடுத்து, பூமிக்குள்ள இருந்து மின்சாரம் எடுத்தாங்க. ஐப்பசி மழை வந்தா அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்காதா? நின்னுச்சு. அப்புறம்தான் கம்பியை மேல மாத்தினாங்க. மெட்ராஸ்ல மழை எப்படிப் பெய்யும்னு பக்கத்துல இருந்த விவசாயி யாரையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பான்.

1931ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. சுமார் 29 கிலோமீட்டர். அப்போ தாம்பரமும் பல்லாவரமும் ஊர் கிடையாது, சின்னக் குடியிருப்புங்கதான். மாம்பலம் பக்கம் 1920கள்ல பெரிய ஏரியை வத்த வச்சு தியாகராய நகரை அளந்து போட ஆரம்பிச்சாங்க. அந்த ஏரி நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த ஏரி. ஏரியைத் தூத்தது எனக்கு ஒப்பாது. ஏரி மண்ணுல வீடு கட்டினவன் மழைக்குப் பயந்துதான் ஆகணும். ஆனா வேற ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அங்க வீடுங்க நிறையறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன் இருந்துச்சு, தெருவும் அளந்து போட்டாங்க, பார்க்குக்கு இடம் விட்டாங்க. அதுக்கப்புறம் ஜனம் வந்துச்சு. ரயில் முன்னாடி போச்சு, ஊர் அதைப் பிடிச்சுட்டுப் பின்னாடி வந்துச்சு.

நம்ம வேலையிலயும் இதே வரிசைதான். முதல்ல வாய்க்கால், அப்புறம் வரப்பு, அப்புறம் நாத்து. நாத்து நட்டுட்டு அப்புறம் வாய்க்கால் வெட்டப் போனா, யாரோ ஒருத்தன் நட்டதை மிதிச்சுட்டுத்தான் வெட்டணும். நகரத்துக்கு வாய்க்கால்னா ஜனங்க போற வழி. அந்த வழிக்கான இடத்தை முதல்லயே ஒதுக்கியிருக்கணும்.

சுதந்திரத்துக்கு அப்புறம் இந்த வரிசை தலைகீழாப் போச்சு. டிராம் கம்பெனி நொடிச்சுப் போய் 1953ல் டிராம் நின்னுச்சு. தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க. அதுக்குப் பதிலா பஸ். 1947-48 வாக்கில் அரசாங்கமே பஸ் ஓட்ட ஆரம்பிச்சிருந்தது. 1972ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். தண்டவாளம் போட முடியாத மூலைக்கெல்லாம் போனது அதுதான். ஆனா பஸ்ஸுக்குன்னு தனியா இடம் எதுவும் ஒதுக்கல. கார், லாரி, மாட்டு வண்டி, சைக்கிள் போற அதே ரோட்டுல அதுவும் முட்டி மோதணும். 1973ல் ஜெமினி மேம்பாலம் கட்டினாங்க, சென்னையோட முதல் மேம்பாலம். அதுல இருந்து எங்க நெரிசல்னாலும் ஒரு பாலம்ன்ற பழக்கம் வந்துடுச்சு. பாலம் கட்டினா கார் சீக்கிரம் போகும். பஸ் ஸ்டாப் பாலத்துக்குக் கீழேயே இருக்கும்.

1976ல் சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் வந்தது. ஊரைச் சுத்தி வட்டம் வட்டமா சாலை போடணும்னு அதுல இருந்தது. உள்வட்டச் சாலை நாம சொல்ற 100 அடி ரோடு. வெளிவட்டச் சாலைதான் இன்னிக்கு எங்க ஊர்ல இருக்கறது. காகிதத்துல யோசனை நல்லாத்தான் இருக்கு. நடு ஊருக்குள்ள எல்லா லாரியும் போக வேணாமில்லையா? ஆனா வட்டம் போட்டாப் போதுமா? அந்த வட்டத்துல ஜனம் எதுல போகும்?

கோயம்பேட்டை எடுத்துக்குவோம். கொத்தவால் சாவடி ஜார்ஜ் டவுன் சந்துக்குள்ள நெரிஞ்சு கிடந்தது. 1996ல் காய்கறி, பழம், பூ எல்லாத்தையும் கோயம்பேட்டுக்கு மாத்தினாங்க. 295 ஏக்கர். லாரி வந்து திரும்ப இடம் இருந்தது, அது நிஜம். ஆனா ரயில்ல கூடையோட போயிட்டு இருந்த எங்க அப்பா அம்மாவுக்கு அன்னியோட ரயில் பயன் இல்லாமப் போச்சு. தண்டவாளத்துப் பக்கம் இருந்த சந்தை ரோட்டுப் பக்கம் போயிடுச்சு. கூடைக்காரங்க வண்டிக்காரங்களா மாறணும், இல்லைன்னா வீட்டு வாசல்ல வர்ற வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கணும். எங்க ஊர்ல பாதிப் பேர் ரெண்டாவதைத்தான் செஞ்சாங்க. ஆயாவும் அதுல ஒருத்தி.

பாரிஸ் பக்கம் இருந்த வெளியூர் பஸ்ஸுங்களும் 2002ல் கோயம்பேட்டுக்கே வந்துச்சு. சந்தை, பஸ் நிலையம் ரெண்டும் ஒரே இடத்துல. அங்க மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூன்ல. சந்தைக்கு 19 வருஷம் கழிச்சு, பஸ் நிலையத்துக்கு 13 வருஷம் கழிச்சு. அதுக்குள்ள சுத்தி எல்லா இடமும் வீடு, கடை, மண்டபம்னு நிரம்பிப் போச்சு. அதனால ரயிலைத் தூண் மேலயும் பூமிக்குக் கீழயும் கொண்டு போக வேண்டியிருந்தது. முன்னாடியே போட்டிருந்தா தரையிலயே போயிருக்கும்.

இப்ப பக்கிங்காம் கால்வாய்க்குத் திரும்பி வர்றேன். ஊருக்குள்ள பறக்கும் ரயில் விடணும்னு 1980கள்ல வேலை தொடங்கினப்போ தெற்கே போக இடம் ஏது? எல்லாம் வீடு. வீடு இல்லாம நீளமா கிடந்த ஒரே அரசாங்க இடம் அந்தக் கால்வாய்தான். மயிலாப்பூர்ல இருந்து திருவான்மியூர் வரைக்கும் கால்வாயை ஒட்டியும் அதுக்குள்ளயும் தூணை நட்டாங்க, ஸ்டேஷன் கட்டினாங்க. 1995ல் சேப்பாக்கம் வரைக்கும், 1997ல் மயிலாப்பூர் வரைக்கும், 2007ல் வேளச்சேரி வரைக்கும் ரயில் போச்சு. பஞ்சத்துல வெட்டின வாய்க்கால் பல இடத்துல குறுகிப் போச்சு.

ரயில் வேணாம்னு நான் சொல்லல. தினம் அதுல வேலைக்குப் போறவங்களுக்கு அது எவ்வளவு உதவின்னு எனக்குத் தெரியும். ஆனா தண்ணிக்கு ஓட்டு இல்ல, பட்டா இல்ல, கேஸ் போடத் தெரியாது. அதனாலதான் வழிக்கு இடம் இல்லாமப் போகும்போதெல்லாம் முதல்ல தண்ணியோட இடத்துல கை வைக்கிறாங்க. 2015 டிசம்பர்ல வேளச்சேரி முங்கினதை டிவியில பார்த்தோமே. அதுக்கு இந்தத் தூண் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். சதுப்பு நிலத்தைத் தூத்தது, ஏரியைத் தூத்தது எல்லாம் சேர்ந்துதான். ஆனா தண்ணி போற வழியில கொஞ்சம் கொஞ்சமா ஆளாளுக்கு எடுத்துக்கிட்டா, மொத்தமா ஒருநாள் அது திருப்பிக் கேக்கும்.

அதே ரயிலை வேளச்சேரியில இருந்து பரங்கிமலைக்கு இணைக்க 5 கிலோமீட்டர்தான். 2008ல் வேலை தொடங்கினது. கடைசி அரை கிலோமீட்டருக்கு ஆதம்பாக்கத்துல வீட்டு மனை எடுக்கறதுல கேஸ் விழுந்து வருஷக் கணக்கா நின்னு போச்சு. மனைக்காரங்க மேல தப்பில்ல, அவங்க நிலத்துக்கு விலை கேட்டாங்க. அந்த இடம் வயலா கிடந்த காலத்துல பாதை குறிச்சிருந்தா இந்தத் தகராறே வந்திருக்காது.

இனி எங்க ஊர்க் கதை. வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. காகிதத்துல போட்டு ஏறக்குறைய 40 வருஷம் கழிச்சு, 2014ல் வண்டலூர் - நெமிலிச்சேரி பகுதியும் 2021ல் மீஞ்சூர் வரைக்கும் மீதியும் திறந்தாங்க. மொத்தம் 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தாங்க. எங்க குடும்பத்துல 62 சென்ட் போச்சு. நஞ்சை. பணம் வந்தது, அது தங்கச்சி கல்யாணத்தோட சரி.

அந்த ரோட்டால எனக்கு லாபமே இல்லைன்னு சொன்னா பொய். குட்டி யானையில லோடு ஏத்தினா கோயம்பேட்டுக்கு முன்னைவிட சீக்கிரம் போறேன். ஆனா மூணு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு தண்ணி. ரோட்டுக்கு உயரமா மண் கொட்டினாங்க. ஏரிக்கு வர்ற வரத்துக் கால்வாய்க்கு அடியில பைப் வச்சாங்க. வச்ச பைப் கால்வாய்த் தரையைவிட முக்கால் அடி மேல. சின்ன மழைத் தண்ணி ஏறாது, பெரிய மழைத் தண்ணி பத்தாது. அளவு எடுக்க வந்தவங்ககிட்ட ஊர்ப் பெரியவங்க சொன்னாங்க. "டிராயிங்ல அப்படித்தான் இருக்கு"ன்னு பதில். இப்ப மேல் பக்கத்துக் கொல்லைல தண்ணி நிக்குது, கீழ்ப் பக்கத்து ஏரி பாதிதான் ரொம்புது.

ரெண்டாவது வண்டிப்பாதை. ஸ்டேஷனுக்குப் போற எங்க பழைய பாதையை ரோடு குறுக்கே வெட்டிடுச்சு. அடியில நுழைஞ்சு போற வழி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு. 70 வயசு தாண்டின ஆயா கூடையோட அவ்வளவு தூரம் சுத்திப் போக முடியுமா? மேல ஏறிக் குறுக்கே கடக்கலாம்னா வண்டி நூறு ஸ்பீடுல வருது. எங்க ஊர்ல ஒருத்தரை அப்படி இழந்திருக்கோம்.

மூணாவதுதான் முக்கியம். எடுத்த 122 மீட்டர்ல, ரோட்டுக்கு நடுவுல 22 மீட்டர் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோன்னு ஒதுக்கினது. சென்னைச் சரித்திரத்துல ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரோ ஒருத்தர் வாய்க்காலுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்காங்க. அந்த மகராசன் யாரோ, நல்லா இருக்கணும். அங்க இன்னிக்கு புல்லும் செடியும் முளைச்சிருக்கு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மனை போட்டு விக்கிற போர்டுங்க வரிசையா நிக்குது. ஜனம் வந்துட்டே இருக்கு. வர்றவங்க எல்லாரும் பைக்கோ காரோ வாங்கிட்டுத்தான் வரணும், ஏன்னா ஏறிப் போக வேற எதுவும் இல்ல. ஒருதரம் கார் வாங்கிப் பழகினவன் பத்து வருஷம் கழிச்சு ரயில் விட்டா இறங்கி வருவானா?

கிளாம்பாக்கத்துலயும் இதே கதைதான். 2023 டிசம்பர் 30 அன்னிக்கு வெளியூர் பஸ் நிலையத்தைத் திறந்தாங்க. 1931 மின்சார ரயிலோட அதே தடம் செங்கல்பட்டுக்கு நீண்டு அந்த இடத்துக்கு எதிர்லயே போகுது. ஆனா திறந்த அன்னிக்கு அங்க ரயில் நிலையம் இல்ல. ஊர்ல இருந்து பையும் பிள்ளையுமா ராத்திரியில வந்து இறங்கின ஜனம் ஆட்டோவுக்கும் மாநகரப் பஸ்ஸுக்கும் அலைஞ்சுது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாத்தையும் சேர்த்து யோசிக்க ஒரு ஆணையம் வேணும்னு 2010லயே சட்டம் போட்டாச்சு. அதோட முதல் கூட்டம் நடந்தது 2022ல். நடுவுல போன 12 வருஷத்துல எத்தனை வயல் மனையாச்சுன்னு எங்க பக்கம் வந்து பார்த்தா தெரியும்.

ஒரு நல்லதையும் சொல்லிடறேன். 2021ல் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. பஸ் போற ஊர்ல இருக்கற பொம்பளைங்க கையில அது நேரா காசா நிக்குது. பக்கத்து ஊர்ல கீரை, கொய்யா எடுத்துட்டுப் போய் தாங்களே வித்துட்டு வர்றாங்க. மேம்பாலத்தைவிட இதுதான் கூடைக்காரிக்குப் பெரிய திட்டம். ஆனா பஸ் வராத ஊருக்கு இலவச டிக்கெட் எதுக்கு?

இப்ப மேற்கே பெரிபெரல் ரிங் ரோடு வருது. எண்ணூர்ல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் சுமார் 133 கிலோமீட்டர். 2022ல் சென்னைப் பெருநகர எல்லையையும் 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904ஆ ஆக்கிட்டாங்க. ஏறக்குறைய அஞ்சு மடங்கு. அதுல இருக்கற ஏரி, கழனி, கொல்லை எல்லாம் இனி ஒரு வரைபடத்துல கலர் அடிச்ச கட்டம்தான். என் பேரன் காலத்துல இங்க கீரை விளையுமான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை குறைவுதான். ஊர் வளரும், அதைத் தடுக்க முடியாது. ஆனா எந்த வரிசையில வளரணும்னு நம்மால சொல்ல முடியும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மனைக்கு அப்ரூவல் கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் தண்ணி எப்படி ஓடுதுன்னு ஊர்ப் பெரியவங்களை வச்சு நடந்து பாருங்க. பஸ்ஸோ ரயிலோ போற தடத்தை வரைபடத்துல குறிச்சு, அதுல யாரும் கட்டக் கூடாதுன்னு பத்திரப் பதிவுலயே நிறுத்துங்க. ரயிலுக்குக் காசு இல்லையா, பரவாயில்ல. அவுட்டர் ரிங் ரோட்டுல நெமிலிச்சேரி பக்கம் தண்டவாளத்தைத் தாண்டற இடத்துல ஒரு ஸ்டாப் போட்டு, காலையில நாலு மணியில இருந்து அரை மணிக்கு ஒரு பஸ் விடுங்க. 1856ல் போட்ட தண்டவாளமும் 2014ல் போட்ட ரோடும் அங்கதான் சந்திக்குது. ஜனம் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாற ஒரு படிக்கட்டு இருந்தாப் போதும்.

நேத்து ஆயாகிட்ட இதெல்லாம் சொன்னேன். கீரைக்கட்டைத் தண்ணியில நனைச்சுட்டே கேட்டுட்டு இருந்துச்சு. "பஸ்ஸு வந்தா சொல்லு நைனா, நானே கொண்டு போய் வித்துட்டு வர்றேன். வியாபாரி கட்டுக்கு அஞ்சு ரூபா கொடுக்கறான், அங்க இருபதுக்கு விக்குதாம்"னுச்சு.

அந்தப் பதினஞ்சு ரூபாதான் எனக்குக் கணக்கு.